கர்க்கின் அறையில் இருந்த கோப்புகள்

1968 ஏப்ரல் 24, புதன்கிழமை விடிகாலை. நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லோ நூலகக் கட்டடத்தில் ஒரு கண்ணாடிக் கதவை மாணவர்கள் உடைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். பெயர்தான் நூலகம். 1934இல் புத்தகங்களெல்லாம் எதிரே எழுந்த புதிய கட்டடத்துக்கு மாறிய பிறகு அது நிர்வாக அலுவலகமாகிவிட்டது. மாணவர்கள் போய்ச் சேர்ந்த இடம் பல்கலைக்கழகத் தலைவர் கிரேசன் கர்க்கின் அறை. அமெரிக்காவில் ‘தலைவர்’ என்பது நம் துணைவேந்தர் பதவிக்கு நிகரானது. அறைச் சுவரில் நாலரை லட்சம் டாலர் மதிப்புள்ள ரெம்பிராண்ட் ஓவியம் ஒன்று மாட்டியிருந்தது. செய்தி தெரிந்து வந்த போலீசார் அந்த ஓவியத்தைப் பத்திரமாக எடுத்துப் போனார்கள். கோப்புகளை யாரும் எடுக்கவில்லை. அவை இருந்த இடத்திலேயே இருந்தன.

அந்த முற்றுகையிலிருந்து உலகம் நினைவில் வைத்திருப்பது ஒரு புகைப்படத்தை. கறுப்புக் கண்ணாடி அணிந்த இளைஞர் ஒருவர் தலைவரின் மேசை முன் அமர்ந்து, தலைவரின் சுருட்டைப் புகைக்கிறார். பத்திரிகைகள் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்ப வெளியிட்டன. நடந்தவற்றில் முக்கியமானது அந்தப் படத்தில் இல்லை. அதே அறையில் வேறு சிலர் இழுப்பறைகளைத் திறந்து, கர்க்கின் கடிதங்களை ஒவ்வொன்றாகப் படித்து, வேண்டியவற்றை நகலெடுத்துக்கொண்டிருந்தார்கள். அவற்றில் சில அடுத்த வாரங்களில் ‘ராட்’ என்ற மாற்றுப் பத்திரிகையில் அச்சாகின. அந்த ஆண்டே லத்தீன் அமெரிக்கா பற்றிய ஓர் ஆய்வுக் குழு, கொலம்பியாவை ஆள்வது யார் என்ற கேள்வியையே தலைப்பாக்கி ஒரு சிறுநூல் வெளியிட்டது. அதற்கும் அந்த நகல்கள் பயன்பட்டன.

ஒரு பல்கலைக்கழக நிர்வாகியின் கோப்புகள் பொதுவாக அவர் ஓய்வுபெற்று, பல ஆண்டுகள் கடந்து, ஆவணக் காப்பகத்தில் அட்டைப் பெட்டிகளில் அடுக்கப்பட்டு, பட்டியல் போட்ட பிறகே ஆய்வாளர் கைக்கு வரும். கர்க்கின் கோப்புகள் அவர் பதவியில் இருக்கும்போதே, எந்தப் போராட்டத்தைப் பற்றி அவர் கவலைப்பட்டுக்கொண்டிருந்தாரோ அந்தப் போராட்டக்காரர்களாலேயே திறக்கப்பட்டன. மாணவர் போராட்ட வரலாற்றில் இப்படியொரு நிகழ்வு மிக அரிது. ஒரு நிர்வாகியின் தாள்களில் போராட்டம் எப்படிப் பதிவாகிறது, எது பதிவாகாமல் போகிறது என்று பார்ப்பதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

கர்க் கொடியவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் 1968 பற்றிய நூல்கள் பலவற்றில் அவர் கேலிச்சித்திரமாகவே வருகிறார். 1903இல் ஒஹாயோவில் பிறந்தவர். சர்வதேச அரசியல் படித்த அறிஞர். 1944, 1945 ஆண்டுகளில் ஐக்கிய நாடுகள் அமைப்பு உருவான பேச்சுவார்த்தைகளில் அமெரிக்கத் தரப்பில் பணியாற்றியவர். ஐசனோவர் அமெரிக்க அதிபராகப் போனபோது, 1953இல், அவர் வகித்த கொலம்பியா தலைவர் பதவி கர்க்குக்கு வந்தது. பதினைந்து ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தார். நிதி திரட்டுவது, கட்டடம் கட்டுவது, அறங்காவலர்களோடு உறவைக் காப்பது ஆகியவைதான் அன்றைய தலைவரின் வேலை. அதை அவர் சரியாகவே செய்தார். மாணவர்களோடு பேசுவது அந்த வேலையில் சேர்த்தி இல்லை.

1968 ஏப்ரல் 12ஆம் தேதி வர்ஜீனியாவில் அவர் ஆற்றிய உரை அச்சில் இருக்கிறது. மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்டு எட்டு நாள்தான் ஆகியிருந்தது. இளைஞர்கள் கவலைப்படும் எண்ணிக்கையில் எல்லா அதிகாரத்தையும் நிராகரிக்கிறார்கள், அவர்களுடையது அழிப்பதையே நோக்கமாகக் கொண்ட வெறுமைவாதம், தலைமுறைகளுக்கு இடையிலான பிளவு இவ்வளவு அகன்று என்றும் இருந்ததில்லை என்று அதில் சொன்னார். இந்தப் பகுதியை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே உரையில், வியட்நாம் போரிலிருந்து அமெரிக்கா கூடிய விரைவில் விலகிக்கொள்ள வேண்டும் என்றும் கர்க் சொன்னார். இதை மேற்கோள் காட்டுபவர்கள் குறைவு. போரைப் பற்றி அவருக்கும் அவரை எதிர்த்த மாணவர்களுக்கும் இருந்த தூரம் இரு தரப்பும் நினைத்ததைவிடக் குறைவு.

பத்து நாள் கழித்து, ஏப்ரல் 22 அன்று, அந்த உரைக்குப் பதில் வந்தது. ‘ஜனநாயக சமூகத்துக்கான மாணவர்கள்’ என்ற அமைப்பின் கொலம்பியா கிளைத் தலைவர் மார்க் ரட் எழுதிய திறந்த மடல் அது. ரட்டுக்கு அப்போது இருபது வயது. அறுபத்து நான்கு வயதுக்காரரைப் பெயர் சொல்லி விளித்து மடலைத் தொடங்கி, அச்சில் போடத் தயங்கும் வசவோடு முடித்தார். இடையில் இருந்த வாதம் தெளிவானது. எங்கள் வெறுமை என்று நீங்கள் சொல்வதற்குக் காரணங்கள் உண்டு, அவை போர், இனவெறி, உங்கள் பல்கலைக்கழகம் இவ்விரண்டிலும் வகிக்கும் பங்கு என்றார். உரையையும் மடலையும் அருகருகே வைத்துப் படித்தால் ஒன்று புலப்படுகிறது. கர்க் ஒரு தலைமுறையின் மனநிலையைப் பற்றிப் பேசுகிறார். ரட் இரண்டு குறிப்பிட்ட ஒப்பந்தங்களைப் பற்றிப் பேசுகிறார். இருவரும் ஒரே கேள்விக்கு விடை சொல்லவே இல்லை.

அந்த இரண்டு ஒப்பந்தங்களில் ஒன்று பாதுகாப்புப் பகுப்பாய்வு நிறுவனம் சார்ந்தது. சுருக்கமாக ஐ.டி.ஏ. அமெரிக்க ராணுவத் தலைமையகத்துக்காக ஆயுத மதிப்பீடு, கிளர்ச்சி ஒடுக்குமுறை போன்றவற்றை ஆராய்ந்த அமைப்பு அது. பல பல்கலைக்கழகங்கள் அதில் நிறுவன உறுப்பினர்கள். கொலம்பியாவும் அவற்றில் ஒன்று. கர்க் அதன் ஆட்சிக் குழுவில் இருந்தார். கொலம்பியாவின் அறங்காவலர்களில் ஒருவரே அந்தக் குழுவின் தலைவராகவும் இருந்தார். இந்த உறவு 1967இல் ஒரு மாணவர் நூலகத்தில் தேடியபோதுதான் வளாகத்தில் பலருக்கும் தெரியவந்தது. பல்கலைக்கழகம் தன் மாணவர்களுக்கு அதைச் சொல்லியிருக்கவில்லை. கதை முழுவதற்கும் வித்து இதுதான் என்பேன். ரகசியம் என்று யாரும் முத்திரை குத்தவில்லை, ஆனால் யாருக்கும் சொல்ல வேண்டிய அவசியமும் இருப்பதாக யாரும் நினைக்கவில்லை. நிர்வாகத்தின் பழக்கம் அப்படி. அந்தப் பழக்கத்தால்தான் கர்க்கின் அலமாரி மாணவர்களுக்குப் புதையலாகத் தோன்றியது.

1968 மார்ச் 27 அன்று நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் ஐ.டி.ஏ. உறவை முறிக்கக் கோரும் மனுவோடு லோ கட்டடத்துக்குள் போனார்கள். கட்டடங்களுக்குள் ஆர்ப்பாட்டம் கூடாது என்று கர்க் ஏற்கெனவே தடை போட்டிருந்தார். ஆறு பேர் மீது மட்டும் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டது. கூட்டமாகப் போனவர்களில் ஆறு பேரைத் தேர்ந்தெடுத்துத் தண்டித்தால் என்ன நடக்கும் என்பதை எந்தக் கல்லூரி ஆசிரியரும் சொல்லிவிடுவார். அந்த ஆறு பேரை விடுவிப்பது அடுத்த மாதப் போராட்டத்தின் கோரிக்கைகளில் ஒன்றாயிற்று.

இரண்டாவது ஒப்பந்தம் பூங்கா சம்பந்தப்பட்டது. கொலம்பியா மேட்டில் இருக்கிறது, கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த ஹார்லம் பகுதி பள்ளத்தில் இருக்கிறது. நடுவில் செங்குத்தான பாறைச் சரிவாக மார்னிங்சைடு பூங்கா. அந்தப் பொதுப் பூங்காவில் 2.1 ஏக்கரை ஆண்டுக்கு 3,000 டாலர் வாடகைக்கு எடுத்து உடற்பயிற்சிக் கூடம் கட்டப் பல்கலைக்கழகம் 1960களின் தொடக்கத்திலேயே அனுமதி வாங்கியிருந்தது. கட்டடத்தின் பெரும்பகுதி மாணவர்களுக்கு, கீழ்த்தளத்தில் ஒரு பகுதி ஹார்லம் மக்களுக்கு. மாணவர்கள் மேட்டிலிருந்து வரும் மேல்வாசல் வழியே நுழைவார்கள். கறுப்பின மக்கள் பள்ளத்திலிருந்து கீழ்வாசல் வழியே நுழைவார்கள். வரைபடத்தைப் பார்த்த பொறியாளருக்கு இது நில அமைப்பின் விளைவு. தெற்கு மாநிலங்களில் வெள்ளையருக்கு ஒரு வாசல், கறுப்பருக்கு ஒரு வாசல் என்று அனுபவித்துவிட்டு வடக்கே வந்த குடும்பங்களுக்கு அது என்னவாகத் தெரியும்? அதே காலத்தில் கொலம்பியா சுற்றுவட்டாரத்துக் குடியிருப்புகளை வாங்கிக் குவித்து, ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பத்தினரை அங்கிருந்து கிளப்பிக்கொண்டும் இருந்தது. 1968 பிப்ரவரியில் பூங்காவில் தோண்டத் தொடங்கினார்கள்.

ஏப்ரல் 23 நண்பகல் வளாகத்துச் சூரியக் கடிகாரத்தின் அருகே கூடிய கூட்டம் முதலில் லோ கட்டடத்துக்குப் போனது, பூட்டியிருந்தது. பூங்காவுக்குப் போய் வேலியைப் பிடித்து இழுத்தது. திரும்பி வந்து ஹாமில்டன் ஹாலுக்குள் உட்கார்ந்தது. கல்லூரியின் டீன் அங்கே தம் அறையை விட்டு வெளியேற முடியாமல் ஒரு நாள் இருக்க நேர்ந்தது. அன்று இரவே கறுப்பின மாணவர்கள், இந்தக் கட்டடத்தை நாங்கள் வைத்துக்கொள்கிறோம், நீங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வெள்ளை மாணவர்களிடம் சொல்லிவிட்டார்கள். அப்படி வெளியேறியவர்கள்தான் விடிகாலையில் லோவின் கதவை உடைத்தவர்கள். அடுத்த நாட்களில் இன்னும் மூன்று கட்டடங்கள் சேர்ந்து மொத்தம் ஐந்தாயின.

இனி கோப்புகளுக்கு வருவோம். கர்க்கின் கடிதங்களில் ராணுவச் சதித்திட்டம் எதையோ கண்டுபிடித்துவிடலாம் என்று சில மாணவர்கள் எதிர்பார்த்தார்கள். அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்தவை ஒரு பெரிய நிறுவனத்தின் அன்றாடக் கடிதப் போக்குவரத்து. ஐ.டி.ஏ. உறவைப் பற்றிய கடிதங்கள் அவற்றில் இருந்தன. அச்சானவற்றை இன்று படிப்பவரைத் திடுக்கிட வைப்பது அவற்றின் தொனி. போர் சரியா தவறா என்ற கேள்வியே அந்தக் கடிதங்களில் எழவில்லை. உறவை எந்த வடிவத்தில் வைத்துக்கொண்டால் சங்கடம் குறையும் என்பதே அவற்றின் கவலை. பெரிய பதவியில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும், மரியாதை குறையாத, சூடு இல்லாத மொழி அது. வெளியே ஒரு தலைமுறை கட்டாய ராணுவ அழைப்பை எதிர்பார்த்துக் கொதித்துக்கொண்டிருந்தபோது, உள்ளே அதே விஷயம் உறுப்பினர் முறையைத் திருத்தும் நடைமுறைப் பிரச்சினையாகக் கோப்பில் உட்கார்ந்திருந்தது.

மாணவர்கள் செய்தது அத்துமீறல்தான். பிறர் கடிதத்தை அனுமதியின்றி எடுத்துப் படிப்பதும் வெளியிடுவதும் சரி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நகல்கள் இல்லாவிட்டால், பல்கலைக்கழகம் வெளியில் சொன்னதற்கும் உள்ளே பேசிக்கொண்டதற்கும் இருந்த வேறுபாடு அந்த ஆண்டு யாருக்கும் தெரிந்திருக்காது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த வாரத்தில் ஆசிரியர்கள் இடையில் நின்றார்கள். இம்மானுவேல் வாலர்ஸ்டைன், டேனியல் பெல் போன்றவர்கள் இருந்த ஒரு தற்காலிக ஆசிரியர் குழு இரவும் பகலும் கூடிச் சமரசத் தீர்மானங்கள் எழுதியது. கையில் வெள்ளைப் பட்டை கட்டிக்கொண்டு ஆசிரியர்கள் லோ கட்டடத்தின் முன் வரிசையாக நின்றார்கள். பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு வரலாற்றை ஆராய்ந்துவந்த ஓரெஸ்ட் ரேனம், தம் கல்வி அங்கியை அணிந்தபடியே ஜன்னல் வழியாகக் கர்க்கின் அறைக்குள் ஏறிப்போய், வெளியே வந்துவிடுங்கள் என்று மாணவர்களிடம் மன்றாடினார். அவர்கள் கேட்கவில்லை. இந்த ரேனத்தை நினைவில் வைத்திருங்கள், திரும்ப வருவார்.

பேச்சு முறிந்த இடம் பொதுமன்னிப்பு. போராடியவர்கள் மீது எந்த நடவடிக்கையும் கூடாது என்பது மாணவர்களின் நிபந்தனை. கர்க்கும் அவருக்கு அடுத்த இடத்தில் இருந்த டேவிட் ட்ரூமனும் அதை ஏற்க மறுத்தார்கள். அறங்காவலர்கள் அவர்களை ஆதரித்து அறிக்கை விட்டார்கள். கொலம்பியாவில் மன்னித்தால் நாட்டின் எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் ஒழுங்கு குலையும் என்று கர்க் உண்மையாகவே நம்பினார். ட்ரூமனின் நிலை இன்னும் பரிதாபமானது. நலன் சார்ந்த குழுக்கள் அரசை எப்படி நெருக்குகின்றன, அரசு அவற்றோடு எப்படிப் பேரம் பேசுகிறது என்பதைப் பற்றி 1951இல் அவர் எழுதிய நூல் அரசியல் அறிவியலில் அடிப்படைப் பாடநூல். மாணவர்கள் அவரை விரும்பினார்கள். அடுத்த தலைவர் அவர்தான் என்று வளாகமே பேசிக்கொண்டது. ஆறே நாளில் எல்லாம் போயிற்று. அடுத்த ஆண்டு அவர் மாசசூசெட்ஸில் ஒரு மகளிர் கல்லூரிக்குத் தலைவராகப் போய்விட்டார்.

ஏப்ரல் 30, நள்ளிரவு தாண்டி, பல்கலைக்கழகம் கேட்டுக்கொண்டபடி ஏறக்குறைய ஆயிரம் போலீசார் வளாகத்துக்குள் நுழைந்தார்கள். எழுநூறு பேருக்கு மேல் கைதானார்கள், நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அடி வாங்கியவர்களில் வெள்ளைப் பட்டை கட்டிய ஆசிரியர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் உண்டு. ஒரு மாணவர் மேலிருந்து குதித்ததில் ஒரு காவலருக்கு முதுகில் நிரந்தரச் சேதம் ஏற்பட்டது. ஹாமில்டனில் இருந்த கறுப்பின மாணவர்கள் வழக்கறிஞர்கள் உடனிருக்க ஒழுங்காக வெளியேறிக் கைதானார்கள். அங்கே ஒரு தடியடியும் நடக்கவில்லை. ஹார்லம் கொந்தளித்துவிடும் என்ற அச்சத்தில் நகர நிர்வாகம் அந்தக் கட்டடத்தை மட்டும் மிகக் கவனமாகக் கையாண்டது.

விடியும் முன் கர்க் தம் அறைக்குத் திரும்பினார். ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகையின் ரோசன்தால் அவரோடு இருந்து பார்த்ததை மே 1ஆம் தேதி முதல் பக்கத்தில் எழுதினார். அழுக்கும் குப்பையுமாகக் கிடந்த அறையின் நடுவே நின்று, மனிதர்கள் இப்படிச் செய்ய முடியுமா என்று கர்க் தமக்குள் கேட்டுக்கொண்டதாக அந்தக் கட்டுரை சொல்கிறது. அன்று அந்தப் பத்திரிகையின் உரிமையாளர் கொலம்பியாவின் அறங்காவலர்களில் ஒருவர் என்பதை வாசகர் அறிய வேண்டும். வெளியே மருத்துவமனைகளுக்குப் போய்க்கொண்டிருந்த மாணவர்களைப் பார்த்து அதே கேள்வியை யாரும் முதல் பக்கத்தில் எழுப்பவில்லை. இருந்தாலும் அந்தக் கேள்வி உண்மையாகவே வலித்த மனிதருடையது என்று நான் நம்புகிறேன். பதினைந்து ஆண்டு நிர்வாகம் செய்த பல்கலைக்கழகத்தின் மாணவர்களை, அவர்கள் விட்டுப்போன குப்பையின் வழியேதான் அவர் அன்று முதன்முதலாகச் சந்தித்தார்.

மே 21 இரவு ஹாமில்டன் மறுபடியும் ஆக்கிரமிக்கப்பட்டது, மறுபடியும் போலீஸ் வந்தது. அந்த இரவில் யாரோ ரேனத்தின் ஆய்வுக் குறிப்புகளுக்குத் தீ வைத்தார்கள். அங்கி அணிந்து ஜன்னல் ஏறியவரின் ஆண்டுக்கணக்கான உழைப்பு சாம்பலாயிற்று. போராட்டக்காரர்கள் வெகுகாலம் பொறுப்பேற்கவில்லை. போலீசாரே செய்திருக்கலாம் என்றும் பேச்சிருந்தது. 2009இல் வெளியான தம் நினைவுக் குறிப்பில் மார்க் ரட், தீ வைத்தவர் தம் தோழர் என்றும், தாமே அதற்குச் சம்மதம் தந்ததாகவும் ஒப்புக்கொண்டு வருந்தினார். கர்க்கின் கடிதங்களை நகலெடுத்ததற்கு ஒரு நியாயம் சொல்ல முடியும். ஒரு வரலாற்று ஆசிரியரின் குறிப்புகளை எரித்ததற்கு எந்த நியாயமும் கிடையாது. அந்த உண்மையைச் சொல்ல ரட்டுக்கு நாற்பது ஆண்டுகள் தேவைப்பட்டன.

என்ன நடந்தது என்று விசாரிக்க ஹார்வர்ட் சட்டப் பேராசிரியர் ஆர்ச்சிபால்ட் காக்ஸ் தலைமையில் ஒரு குழு அமைந்தது. பின்னாளில் வாட்டர்கேட் ஊழலை விசாரித்து, நிக்சனால் பதவி நீக்கம் செய்யப்பட்டவர் இவர்தான். 21 நாள் விசாரணை, 79 சாட்சிகள். மாணவர் வேலைநிறுத்தக் குழு வர மறுத்துவிட்டது. அந்த மறுப்பு பெரிய தவறு. மாணவர் குழுவின் சாட்சியம் இல்லாமலேயே காக்ஸ் குழு நிர்வாகத்தைக் கடுமையாகச் சாடியது. நிர்வாகம் அதிகார மனப்பான்மையோடு நடந்து நம்பிக்கையின்மையைத் தானே வரவழைத்துக்கொண்டது, ஆசிரியர்கள் மாணவர் நலனில் அக்கறை இழந்திருந்தார்கள், போலீஸ் அளவுமீறி அடித்தது என்றெல்லாம் எழுதியது. கட்டடங்களைக் கைப்பற்றிய வழிமுறையையும் அது கண்டித்தது. ஆகஸ்டில் கர்க் ஓய்வு பெற்றார். அதற்கு முன் ஜூன் மாதப் பட்டமளிப்பு விழாவில் வழக்கமாகத் தலைவர் ஆற்றும் உரையை வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் ஹாஃப்ஸ்டாட்டர் ஆற்றினார். நூற்றுக்கணக்கான மாணவர்கள் எழுந்து வெளியேறித் தங்களுக்கென்று தனியே விழா நடத்திக்கொண்டார்கள்.

மாணவர் போராட்டக் காலத்து நிர்வாகியின் கோப்பு என்றதும் இன்னொரு வகைக் கோப்பையும் நினைவூட்ட வேண்டும். நிர்வாகி எழுதியது அல்ல, நிர்வாகியைப் பற்றி எழுதப்பட்டது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் தலைவர் கிளார்க் கெர் 1964இல் பெர்க்லி வளாகத்தில் பேச்சுரிமை இயக்கத்தை எதிர்கொண்டவர். டிசம்பரில் அங்கே ஏறக்குறைய எண்ணூறு பேர் ஒரே உள்ளிருப்புப் போராட்டத்தில் கைதானார்கள். மாணவர்கள் கெரை அடக்குமுறையாளர் என்றார்கள். எஃப்.பி.ஐ. அவரை மாணவர்களிடம் மெத்தனமாக நடப்பவர் என்று கருதிப் பதவியிலிருந்து இறக்க வழி தேடியது. அதிபர் ஜான்சன் அவரை அமைச்சராக்க நினைத்தபோது, எஃப்.பி.ஐ. தானே விசாரித்துப் பொய் என்று முடிவுகட்டிய குற்றச்சாட்டுகளையும் சேர்த்து வெள்ளை மாளிகைக்கு அறிக்கை அனுப்பியது. ரொனால்ட் ரீகன் கலிபோர்னியாவின் ஆளுநரான சில நாட்களில், 1967 ஜனவரி 20 அன்று, ஆட்சிக் குழு கெரை நீக்கியது. தம்மைப் பற்றி அரசு என்ன எழுதி வைத்திருந்தது என்பது கெருக்கு முழுமையாகத் தெரிய 2002 ஆக வேண்டியிருந்தது. சேத் ரோசன்ஃபெல்ட் என்ற பத்திரிகையாளர் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பல்லாண்டு வழக்காடிப் பெற்ற ஆவணங்கள் அவை. மறு ஆண்டு கெர் இறந்துபோனார்.

கெரின் கதை கர்க்கைப் புரிந்துகொள்ள உதவுகிறது. இரண்டு பேருமே மாணவர்களைவிட மேலே இருந்தவர்களுக்குத்தான் அதிகம் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அறங்காவலர்கள், நன்கொடையாளர்கள், பழைய மாணவர்கள், ஆளுநர், மேயர், போலீஸ் ஆணையர். ஒரு நிர்வாகியின் மேசைக்கு வரும் தபாலில் பெரும்பங்கு இவர்களுடையது. இவர்கள் எல்லாரும் மாணவர்களைப் பற்றிப் பேசுவார்கள். மாணவர் எழுதிய கடிதம் அங்கே வந்தால், அது டீன் அலுவலகத்துக்கோ ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கோ திருப்பிவிடப்படும். கொலம்பியாவிலேயே ஒரு துணை டீன் 1967இல், நிர்வாக முடிவுகளில் மாணவர் கருத்து என்பது அவர்களுக்கு ஸ்ட்ராபெரி பிடிக்குமா என்பதைப் போலத்தான் என்று பொருள்படப் பேசியதாகச் செய்தி வந்தது. தாம் சொன்னது திரிக்கப்பட்டது என்று அவர் மறுத்தார். முற்றுகையில் இருந்த ஜேம்ஸ் குனென் என்ற மாணவர் தம் நாட்குறிப்பை நூலாக்கியபோது அந்த ஸ்ட்ராபெரியையே தலைப்பாக வைத்தார். மறுப்பு யார் நினைவிலும் நிற்கவில்லை.

ஆகவே கர்க்கின் தாள்களை மட்டும் படித்து 1968ஐ எழுதுபவர், மாணவர்கள் இல்லாத ஒரு மாணவர் போராட்டத்தைத்தான் எழுதுவார். இதைக் கொலம்பியாவின் ஆவணக் காப்பாளர்கள் புரிந்துகொண்டார்கள் என்பது அவர்கள் சேர்த்துவைத்ததிலேயே தெரிகிறது. போராட்டங்களுக்கென்றே அங்கே தனித் தொகுப்பு இருக்கிறது. துண்டறிக்கைகள், சுவரொட்டிகள், கடிதங்கள், அறிக்கைகள், பத்திரிகை நறுக்குகள் எல்லாம் அதில் அடக்கம். மாணவர் வானொலி அந்த நாட்களில் இடைவிடாமல் நேரடி ஒலிபரப்பு செய்தது. இவற்றையெல்லாம்விட முக்கியமான வேலையை வாய்மொழி வரலாற்று அலுவலகம் செய்தது. 1948இலேயே ஆலன் நெவின்ஸ் தொடங்கிய அந்த அலுவலகம், போராட்டச் சூடு தணியும் முன்பே ஒலிப்பதிவுக் கருவியோடு இறங்கி, இரு தரப்பினரையும் பேட்டி கண்டது. நாற்பது ஆண்டு கழித்து நினைவுகூர்பவர் தமக்கு ஏற்றபடி நினைவுகூர்வார். மே மாதம் பேசியவருக்கு அந்த வசதி இல்லை.

அப்போதும் ஒரு தரப்பு விடுபட்டது. ஹாமில்டனுக்குள் இருந்த கறுப்பின மாணவர்கள் அதிகம் துண்டறிக்கை அச்சிடவில்லை, பத்திரிகையாளரை உள்ளே விடவில்லை, கோப்புகளைக் குடையவில்லை. அவர்கள் வைத்திருந்த கட்டுப்பாடே அவர்களைத் தாள்களிலிருந்து மறைத்துவிட்டது. ஹார்லத்தின் எதிர்ப்பு என்ற அச்சத்தை நகரத்துக்கு ஊட்டியவர்கள் அவர்கள்தான்; பூங்காக் கட்டடத்தை நிறுத்த வைத்ததில் பெரும்பங்கு அவர்களுடையது. இருந்தும் பல பத்தாண்டுகள் 1968இன் கதை மார்க் ரட்டின் கதையாகவே சொல்லப்பட்டது. 2009இல் ஸ்டெஃபான் பிராட்லியின் நூலும், 2018இல் அறுபதுக்கும் மேற்பட்ட பங்கேற்பாளர்களின் கட்டுரைகளைத் தொகுத்த பெருநூலும் அந்தக் குறையை ஓரளவு தீர்த்தன. தாள் விட்டுச் செல்லாதவர்களை வரலாறு கேட்டுப் போய்த்தான் தேட வேண்டும். தானாக அவர்கள் அதில் வந்து சேர மாட்டார்கள்.

பூங்காவில் தோண்டிய குழி பல ஆண்டுகள் அப்படியே கிடந்தது. உடற்பயிற்சிக் கூடம் அங்கே எழவில்லை. இன்று அந்த இடத்தில் ஒரு குளமும் சிறு அருவியும் இருக்கின்றன. ஐ.டி.ஏ. உறவு முறிந்தது. 1969இல் ஆசிரியர், மாணவர், நிர்வாகம் எல்லாரும் அங்கம் வகிக்கும் பல்கலைக்கழக செனட் உருவானது. வளாகத்துக்குள் போலீசை அழைக்கும் முன் தலைவர் அந்த செனட்டின் செயற்குழுவைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்ற விதி, 1968 ஏப்ரல் 30 இரவை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. கர்க் 1997 வரை உயிரோடு இருந்தார்.

2024 ஏப்ரல் 18 அன்று கொலம்பியாவின் தலைவர் மினூஷ் ஷஃபிக், காசா போரை எதிர்த்துப் புல்வெளியில் கூடாரமிட்டிருந்த மாணவர்களை அகற்றக் கோரி நியூயார்க் போலீசுக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்துக்காக யாரும் எந்த அலமாரியையும் உடைக்க வேண்டியிருக்கவில்லை. அன்றே எல்லாரும் படித்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். செனட் செயற்குழு போலீஸ் வருகைக்கு இசைவு தரவில்லை என்று அதன் தலைவர் சொன்னார். ஏப்ரல் 30 அதிகாலை மாணவர்கள் ஹாமில்டன் ஹாலைக் கைப்பற்றினார்கள். அன்றிரவே போலீஸ் உள்ளே நுழைந்தது. தேதி தற்செயல்தான். ஷஃபிக் ஆகஸ்டில் பதவி விலகினார். கடிதம் கிடைத்துவிட்டது என்பதற்காக எல்லாம் தெரிந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. அந்தக் கடிதத்துக்கு முன்னால் யார் யார் என்னென்ன எழுதினார்கள், எந்த நன்கொடையாளர் எதைக் கேட்டார், மாணவர் தரப்பிலிருந்து அந்த மேசைக்கு ஏதேனும் போய்ச் சேர்ந்ததா என்பதையெல்லாம் சொல்லும் கோப்புகள் பெரும்பாலும் இன்னும் மூடியே இருக்கின்றன.